மணல் பட்டை எல்லாம் சுனாமி இல்லை: நெல்லைக் கரையோரச் சதுப்பில் கோர் எடுத்துப் படிப்பது எப்படி

தாமிரபரணிக் கழிமுகத்திலோ மணப்பாட்டுக் கழியிலோ களிமண்ணுக்குள் குழாயை இறக்கி மண் தூணை (இதுதான் கோர்) எடுத்தால், கறுப்புச் சேற்றுக்கு நடுவே வெளிறிய மணல் பட்டை பல இடங்களில் தட்டுப்படும். பார்த்ததும் நோட்டில் "சுனாமி" என்று எழுதிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தப்பு. நம் சீமையில் சதுப்புக்குள் மணலைக் கொண்டுவந்து போட ஐந்து பேர் உண்டு: ஆடிக்காற்று, ஆற்று வெள்ளம், புயல், மனிதன், சுனாமி. முதல் நான்கு பேரையும் விசாரித்துக் கழித்துவிட்ட பிறகுதான் ஐந்தாவது ஆளின் பெயரை எடுக்கலாம். கீழே சொல்வதெல்லாம் அந்த விசாரணைக்கான வழிதான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அலை சுமத்ரா பக்கமிருந்து வந்தது. மன்னார் வளைகுடாவுக்கு இலங்கை ஒரு மறைப்பு. தீவின் தென்முனையைச் சுற்றி வளைந்து வந்த அலைதான் நம் கரையைத் தொட்டது. அதனால் நாகப்பட்டினத்தில் படிந்ததுபோல் தடித்த மணல் விரிப்பை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. உவரிக்குத் தெற்கே போகப்போக அந்த மறைப்பு குறையும். எங்கே தோண்டுவது என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

இடம்

வேண்டியது மணல் மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் தாழ்ந்த நிலம். சாதாரண நாளில் அங்கே சேறு மட்டுமே மெல்லப் படிய வேண்டும். அப்படிப்பட்ட அமைதியான இடத்தில்தான் மணல் வந்தால் அது செய்தி. ஓதம் தினமும் மணலை உள்ளே தள்ளும் முகத்துவாரத்தின் வாயில் தோண்டுவது வீண் வேலை. புன்னைக்காயல், பழையகாயல் பக்கத்துக் கண்டல் (அலையாத்தி) சதுப்பின் உள்பகுதி, கருமேனியாறு கடலைத் தொடும் மணப்பாட்டுக் கழியின் பின்நிலம், நம்பியாற்று முகத்துவாரத்துக்கு ஒதுக்குப்புறமான தாழ்வுகள் ஆகியவற்றை முதலில் நடந்து பாருங்கள்.

உப்பளமாக இருந்த நிலத்தைத் தள்ளிவிடுங்கள். பாத்தி கட்டும்போது மேல்மண்ணைப் புரட்டி, மிதித்து, மட்டப்படுத்தியிருப்பார்கள். வெளி மண்ணும் போட்டிருக்கலாம். இப்போது வெறும் தரிசாகத் தெரிந்தாலும் முப்பது வருஷம் முன்பு பாத்தியாக இருந்திருக்கக்கூடும். பழைய செயற்கைக்கோள் படத்தில் நேர்க்கோட்டு வரப்பு தெரிகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல வழி, பக்கத்து அளத்தில் வேலை செய்யும் வயதான அண்ணாச்சி ஒருவரிடம் கேட்பது. எந்த இடம் தோண்டிய இடம், எங்கே ஓடை திரும்பியது, 1992 வெள்ளம் எதுவரை ஏறியது என்று அவருக்குத் தெரியும். இறால் பண்ணைக் குளங்களுக்கும் கனிம மணல் அள்ளிய நிலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒரே ஒரு கோர் எதையும் நிரூபிக்காது. மணல் மேட்டிலிருந்து உள்நாட்டை நோக்கிச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, 50 மீட்டருக்கு ஒன்றாகக் குறைந்தது எட்டுப் புள்ளி வையுங்கள். கரைக்கு இணையாக இன்னொரு கோடு, அதில் மூன்று நான்கு புள்ளி. பட்டை எந்தத் திசையில் மெலிகிறது என்பதுதான் பின்னால் முக்கியச் சாட்சியாகப் போகிறது. அதை இந்த இரண்டு கோடுகளும்தான் சொல்லும். ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) வைத்து ஒரு நிலைக்குறியிலிருந்து கட்டி வாருங்கள். கையடக்க ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும். உயரத்தில் அது மீட்டர் கணக்கில் தவறும். ஓத வீச்சே ஒரு மீட்டருக்குள் இருக்கும் இந்தக் கரையில் அப்படிப்பட்ட உயரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கண்டல் காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் குழாயை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் எழுத்து. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு முங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி வந்து திறந்த கோர் மேலேயே போடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் நீர் நன்றாக இறங்கும். அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

முதலில் துழாவல், பிறகு குழாய்

எடுத்த எடுப்பில் பெரிய குழாயை அடிக்காதீர்கள். அரைவட்ட வாயுள்ள கௌஜ் ஆகர் என்ற கைத்துளைப்பான், 30 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளம், கூடவே நீட்டிப்புக் கம்பிகள். இது போதும். செங்குத்தாக அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, நேராக இழுத்தால் வாய்க்குள் மண் வரும். மேல் பூச்சைக் கத்தியால் பக்கவாட்டில் வழித்துவிட்டுப் பாருங்கள். மேலிருந்து கீழாக வழித்தால் மணல் சேற்றின்மேல் இழுபட்டு, இல்லாத பட்டை இருப்பதுபோல் தெரியும். கோட்டின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நாளில் இப்படித் துழாவி, எந்த ஆழத்தில் பட்டை, எத்தனை செ.மீ. தடிமன் என்று வரைந்துகொள்ளுங்கள். அந்தப் படத்தைப் பார்த்தே பெரிய கோர் எடுக்கும் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மெத்தென்ற சேறும் மக்கிய இலையும் மட்டும் உள்ள இடத்துக்கு ரஷ்யன் கோரர் சிறந்தது. அதன் அறை 50 செ.மீ. நீளம். மூடியபடி இறக்கி, 180 பாகை திருப்பினால் மண்ணை அமுக்காமல் வெட்டிக்கொள்ளும். ஆனால் தடித்த மணலில் அது திரும்பாது. வற்புறுத்தினால் இறக்கை வளையும். நம் பக்கத்தில் மணல் கலந்த இடமே அதிகம் என்பதால் கடைசியில் பிவிசி குழாய்க்குத்தான் வர வேண்டியிருக்கும்.

75 மி.மீ. குழாய், இரண்டு மீட்டர். கீழ் விளிம்பை வெளிப்பக்கமாக அரத்தால் சீவிக் கூராக்குங்கள். உள்பக்கம் சீவினால் மண் பக்கவாட்டில் தள்ளப்பட்டு அடுக்குகள் வளையும். மேல் விளிம்பில் கனமான மரக்கட்டையை வைத்து, அதன்மேல் சம்மட்டி. குழாயின்மேல் நேரடியாக அடித்தால் விளிம்பு பிளந்துவிடும், அதற்குப் பிறகு அடைப்பான் காற்றைப் பிடிக்காது. குழாய் இறங்கும்போது வடக்கு எது, மேல் எது என்று அழியாத மையில் குறித்துவிடுங்கள்.

இறக்கி முடித்ததும், இழுப்பதற்கு முன்னால், இரண்டு அளவுகளை எடுத்தே தீர வேண்டும்: வெளியே குழாயின் உச்சியிலிருந்து தரைவரை; உள்ளே உச்சியிலிருந்து மண்ணின் மேல்மட்டம்வரை. உதாரணமாக 200 செ.மீ. குழாய், வெளியே 50 செ.மீ. நிற்கிறது, அப்படியானால் 150 இறங்கியிருக்கிறது. உள்ளே 65 செ.மீ.யில் மண் தெரிந்தால் கோர் நீளம் 135 மட்டுமே. 15 செ.மீ. அமுங்கிவிட்டது, அதாவது பத்து சதவீதம். இந்தப் பத்து சதவீதத்தை எல்லா அடுக்குக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். மணல் அவ்வளவாக அமுங்காது. மக்கிய இலையும் சேறும்தான் அமுங்கும். பக்கத்தில் எடுத்த கௌஜ் அளவோடு பட்டையின் ஆழத்தை ஒப்பிட்டுத் திருத்துவதே சரி. இந்த அளவை எடுக்க மறந்த கோர் வெறும் அலங்காரப் பொருள்தான்.

பிறகு குழாயின் மேல் வெற்றிடத்தைத் தண்ணீரால் நிரப்பி, ரப்பர் அடைப்பானை இறுக்குங்கள். காற்று இருந்தால் அது விரிந்து கொடுக்கும். அடியிலுள்ள மணல் நழுவி விழுந்துவிடும். முக்காலியும் செயின் பிளாக்கும் கட்டி மெதுவாக இழுக்க வேண்டும். குழாயின் அடி தரைக்கு மேல் வந்த கணமே மூடி போடத் தயாராக ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். ஒரு மீட்டர் கோர் ஏழெட்டு கிலோ வரும். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகாமல் நிறுத்தியே கொண்டுபோங்கள். மேல்பக்கத்துக் கூழ் சேறு ஓடிப் பரவாமல் இருக்கும்.

பிளப்பது

சிறிய கிரைண்டரால் குழாயின் இரு பக்கமும் நீளவாக்கில், பிளாஸ்டிக்கின் தடிமன் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். தகடு மண்ணுக்குள் போனால் பிவிசி தூள் மாதிரியில் கலக்கும். நுண்ணோக்கியில் அதை ஓட்டுத் துண்டு என்று நினைத்து ஏமாறுவோம். மண்ணை இரண்டாகப் பிரிக்கத் தங்கூசியை விடச் சிறந்த கருவி கிடையாது. கடைத்தெருவில் வலைக்கு விற்கும் 0.5 மி.மீ. நரம்பு போதும்.

திறந்ததும் அளவுகோல், வண்ண அட்டையோடு உடனே படம் எடுங்கள். சதுப்புச் சேற்றின் கறுப்பு, இரும்பு சல்பைடால் வருவது. காற்றுப் பட்டதும் அது பழுப்பாக மாறத் தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தால் நிற எல்லைகள் மங்கியிருக்கும். மன்செல் அட்டையோடு (மண் நிறத்துக்கு எண் கொடுக்கும் வண்ண அட்டை) ஒப்பிட்ட நிறம், மணலின் அளவு, அடி எல்லை கூராக வெட்டினதுபோல் இருக்கிறதா அல்லது படிப்படியாக மாறுகிறதா, மேலே போகப்போக மணல் நுண்மையாகிறதா, களிமண் கட்டிகள் மணலுக்குள் மிதக்கின்றனவா, தலையில் மெல்லிய சேற்று மூடி இருக்கிறதா என எல்லாவற்றையும் குறியுங்கள். பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, நுரைத்தால் சுண்ணாம்பு.

நண்டு வளைகளைத் தனியாகத் தேடுங்கள். கண்டல் சதுப்பில் நண்டு தோண்டிய வளைக்குள் மேல் மணல் விழுந்து நிரம்பினால், நறுக்கிய கோரில் அது அரை அங்குல "பட்டை" போலவே இருக்கும். குழாயின் ஒரு விளிம்பில் மட்டும் தெரிந்து மறு விளிம்பில் இல்லாத மணல், பெரும்பாலும் நண்டின் வேலை.

யார் கொண்டுவந்த மணல்?

காற்றை முதலில் விசாரிப்போம், ஏனென்றால் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகள் அவ்வளவு அருகில் இருக்கின்றன. தேரி மணல் சிவப்பு, ஆகவே சதுப்பில் விழுந்தாலும் சிவப்பாகவே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அது தவறு. அந்தச் சிவப்பு, குவார்ட்ஸ் மணியின்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நெடுங்காலம் கிடந்தால் அந்தப் பூச்சு கரைந்து மணல் வெளுத்துவிடும். எனவே நிறத்தை நம்பாமல் மணியின் வடிவத்தைப் பாருங்கள். பத்து மடங்கு லென்சில், காற்று உருட்டிய மணிகள் உருண்டையாக, மங்கல் கண்ணாடிபோல், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மணிகளின் பள்ளங்களில் சிவப்பு எச்சம் ஒட்டியிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. காற்று மணலுக்கு அடி எல்லையும் கூராக இருக்காது. சேற்றோடு சிறிது சிறிதாகக் கலந்தே வரும்.

ஆற்று வெள்ளத்தைத் திசை காட்டிக்கொடுத்துவிடும். கடல் போட்ட பட்டை கரையிலிருந்து உள்ளே போகப்போக மெலியும். ஆறு போட்ட பட்டை ஆற்றை நெருங்க நெருங்கத் தடிக்கும். பளபளக்கும் அபிரகச் செதில், மக்கிய தண்டு, நன்னீர் டயட்டம் (கண்ணுக்குத் தெரியாத ஓட்டுப் பாசி) இருக்கும். கடல் உயிரியின் ஓடு இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அந்த வண்டலை இப்போதே மேற்பரப்பில் எடுத்து ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தெளிவாகத் தேதி தெரிந்த வெள்ளப் படிவம் எப்போதும் கிடைக்காது.

புயல்தான் கடினமான ஆள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் போன்ற ஒன்று, மணல் மேட்டை உடைத்து உள்ளே விசிறிபோல் மணலைப் பரப்பும். மணிக்கணக்கில் அலை மேல் அலையாக அடிப்பதால் அதில் மெல்லிய வரிகள் நிறைய இருக்கும். உள்நோக்கிய நீட்சி பெரும்பாலும் குறுகி, சட்டென்று முடியும். சுனாமியில் சில பெரிய தள்ளல்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூரான அடி, மேலே நுண்மையாகும் மணல், சில இடங்களில் இடையே சேற்றுப் படலம். விரிப்பு மெல்லியதாக இருந்தாலும் நீண்ட தூரம் போகும். இவை சாய்வுகள் மட்டுமே, சட்டம் அல்ல. எந்த ஒரு குணத்தையும் தனியாகப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. கார்னெட், இல்மனைட் என்ற கனமான கனிமங்கள் சேர்ந்த கருமணல் வரி இருந்தால் அது சுனாமி அடையாளம் என்று சிலர் வாதிடுவார்கள். நம் கரையில் காற்றும் சாதாரண அலையும்கூட அதே வரியைப் போடும். உவரிக் கடற்கரையில் நடந்தாலே பார்க்கலாம்.

மனிதன் விட்டுச் சென்றதைக் கொற்கைப் பக்கம் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். முத்துக்குளித்த காலத்துச் சிப்பிக் குவியல், சுண்ணாம்பு சுடத் தோண்டிய ஓடு எல்லாம் கோரில் "கடல் படிவம்" போலத் தெரியும். ஒரே வகைச் சிப்பி, கூடவே கரி, பானை ஓடு என்றால் அது மனிதர் போட்டது. பானை ஓடு வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தித் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிடுங்கள். கொற்கை 1968-69இலும் 2021இலும் அகழாய்வு நடந்த இடம்.

பட்டியலில் இல்லாத ஆறாவது ஆளும் ஒன்று உண்டு: பழைய கடலே. சுமார் ஆறாயிரம் வருஷம் முன்பு தமிழகக் கரையில் கடல்மட்டம் இன்றைக்கு மேலாக இருந்தது. இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொற்கை அன்று நீரோரம். கோரின் அடியில் கனமான சிப்பி மணல் வந்தால், அது சுனாமி விரிப்பாக இருப்பதைவிடப் பழைய கடற்கரையாகவோ காயலாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மேலும் கீழும் சேறு இருந்து, நடுவே மட்டும் மணல் இருப்பதைத்தான் நாம் தேடுகிறோம்.

ஆய்வகத்தில்

சேற்றை 1 செ.மீ. வில்லைகளாகவும், பட்டையையும் அதன் மேல் கீழ் எல்லையையும் அரை செ.மீ.யாகவும் நறுக்குங்கள். குழாயைத் தொட்ட வெளி விளிம்பு 3 மி.மீ. கழிவு.

எரிப்பு இழப்புக்கு 2 முதல் 4 கிராம்: 105 பாகை செல்சியசில் இரவு முழுக்க, பிறகு 550 பாகையில் நான்கு மணி நேரம், பிறகு 950 பாகையில் இரண்டு மணி நேரம். 550இல் குறைவது கரிமப் பொருள், 950இல் குறைவது சுண்ணாம்பிலிருந்து போகும் கரியமில வாயு. உவர் நிலத்தில் ஒரு பொறி உண்டு. ஜிப்சம் தன் நீரை 105 பாகையில் முழுதாக விடாது; மிச்சம் 550இல் போய்க் கரிமப் பொருள் கணக்கில் ஏறும். வில்லையில் ஊசிபோல் படிகம் மின்னினால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

மணல் அளவுக்கு முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கரிமத்தை அகற்றி, உப்பை மூன்று முறை கழுவி, சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஊறவையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் களிமண் திரண்டு போலி மணல் உண்டாகும். அதன்பின் 63 மைக்ரான் சல்லடை.

ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள ஒற்றைச் செல் நுண்ணுயிர்கள்) பார்க்கத் தனி மாதிரி. அதில் அமிலமும் பெராக்சைடும் படக்கூடாது. பத்து கன செ.மீ. எடுத்து, 63 மைக்ரானில் கழுவி, 50 பாகைக்குக் கீழே உலர்த்தி, இருநூறு முன்னூறு ஓடுகள் பொறுக்குங்கள். அம்மோனியா வகை காயலிலேயே வாழ்வது. அது இருப்பதால் ஒன்றும் தெரியாது. குளோபிஜெரினா போன்ற மிதவை வகையும், பவளத்திட்டுப் பக்கத்து ஆம்ஃபிஸ்டெஜினாவும் சேற்றின் நடுவே வந்தால் வெளிக்கடல் உள்ளே புகுந்தது என்று பேசலாம். அப்போதும் ஓடு புதிதாக மின்னுகிறதா, தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கியது பழைய சுண்ணாம்புப் பாறையிலிருந்தோ மணல் மேட்டிலிருந்தோ இரண்டாவது முறை கிளம்பியதாக இருக்கலாம். ஓடே இல்லை என்றாலும் கடல் வரவில்லை என்று பொருளில்லை. கண்டல் சேற்றின் அமில நீர் சுண்ணாம்பு ஓடுகளைத் தின்றுவிடும்.

வயது

மணல் பட்டைக்குள் கிடக்கும் சிப்பியையோ கட்டையையோ கார்பன்-14க்கு அனுப்பினால் அது செத்த வயது கிடைக்கும், அலை வந்த வயது கிடைக்காது. அலை பழையதையும் சேர்த்தே வாரி வரும். பட்டைக்கு நேர் கீழும் நேர் மேலும் உள்ள சேற்றிலிருந்து இலை, விதை போன்ற மென்மையான பொருள்களை எடுங்கள். நிகழ்வு அந்த இரண்டு தேதிக்கும் நடுவே. வெண்கண்டல் வேர் மேலிருந்து ஊடுருவி வந்ததாக இருக்கலாம். நீளவாக்கில் அடுக்கைத் துளைத்துப் போகும் எதையும் தொடாதீர்கள், இளைய தேதி தரும். நத்தை ஓடும் வேண்டாம். இந்தப் பக்கத்துச் சுண்ணாம்பு நீரில் வளர்ந்தது வயதை மிகைப்படுத்தும். கடல் சிப்பிக்கு, கடல்நீரிலுள்ள பழைய கார்பனை ஈடுகட்டும் நீர்த்தேக்கத் திருத்தம் இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் பிழை வரும். கழுவி 50 பாகையில் உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். பஞ்சும் காகிதமும் கார்பன்தான். மிகச் சிறிய மாதிரியிலேயே கார்பன்-14ஐ எண்ணும் ஏஎம்எஸ் அளவீடு டெல்லி இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் நடக்கிறது.

கடைசி நூறு வருஷத்துக்குக் கதிரியக்க ஈயம்-210, அரை ஆயுள் சுமார் 22 வருஷம். கூடவே அணுகுண்டுச் சோதனைகளால் 1963ஐ ஒட்டி உச்சம் காட்டும் சீசியம்-137. 2004 பட்டை என்று நீங்கள் நினைப்பது சீசியம் உச்சத்துக்குக் கீழே இருந்தால் அது 2004 இல்லை, அவ்வளவுதான்.

மணலையே தேதியிட ஓஎஸ்எல், அதாவது மணி கடைசியாக வெயில் பட்டதிலிருந்து அதில் சேர்ந்த ஒளிச் சமிக்ஞையை அளக்கும் முறை. முதல் துளைக்கு அரை மீட்டர் தள்ளி, ஒளி புகாத கறுப்புக் குழாயில் இரண்டாவது கோர் எடுத்துத் திறக்காமல் அனுப்புங்கள். கலங்கிய நீரில் வந்த மணலின் பழைய சமிக்ஞை வெயிலில் முழுதாக "அழிந்திருக்காது", எனவே வயது கூடிக் காட்டும். 2004 படிவம் உறுதியாகத் தெரிந்த இடத்து மணலையும் சேர்த்து அனுப்பினால் எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்துவிடும். மோனசைட் கலந்த மணலில் தோரியக் கதிர்வீச்சு அங்குலத்துக்கு அங்குலம் மாறும். சுற்றி 30 செ.மீ. மண்ணையும் தனியாகக் கொடுங்கள்.

தேதி வந்ததும் வேறு ஊர்க் கணக்கோடு ஒட்டவைக்கும் ஆசை வரும். தாய்லாந்தின் ஃபிரா தோங் தீவில் 2004க்கு முந்தைய பெரிய படிவம் 550 முதல் 700 வருஷம் பழையது. இலங்கையின் தென்கிழக்கில் கரகன் காயலிலும் பல பழைய படிவங்கள் கிடைத்திருக்கின்றன. உங்கள் பிழை வரம்பு முந்நூறு வருஷம் அகலமாக இருந்தால் அது எதோடும் பொருந்தும். அப்படிப்பட்ட பொருத்தத்தை அறிக்கையில் எழுத வேண்டாம். 1881 டிசம்பர் 31 கார் நிக்கோபார் நிலநடுக்க அலை கிழக்குக் கரை ஓதமானிகளில் ஒரு மீட்டர் அளவில்தான் பதிவானது. அதைவிடச் சிறியதாக இங்கு வந்திருந்தால் மூன்று மீட்டர் மணல் மேட்டைத் தாண்டியிருக்காது. கோரில் அது இல்லை என்பதற்காக வருந்த ஒன்றுமில்லை.

கோரின் மறு பாதியை நறுக்காமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று சுற்றி, ஈரத் துணி ஒன்றை உறைக்குள் வைத்து, 4 பாகையில் சேமியுங்கள். குழாயின் வெளியே எழுதிய பெயரும் மேல்–கீழ் அம்புக்குறியும் மங்கியிருந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் சீட்டில் மறுபடி எழுதிப் போடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் அடுத்த ஆளுக்கு எது மேல்பக்கம் என்று அது ஒன்றுதான் சொல்லும்.